நோட்டீஸில் வந்த சீருடை: குன்னூர் அருகே ஓர் ஊரில் 2021–22இல் நடந்தது

பின்னணி

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 26 ஆண்டுகள் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே மலை ரயில் பாதை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் ரெஜிமென்டின் பயிற்சி மையமான சென்டர் இருக்கும் வெலிங்டனில், மைதானத்தில் ரெக்ரூட்டுகள் போடும் சத்தம் வீட்டு வாசல் வரை கேட்கும். பென்ஷன் வாங்குபவர்கள், அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையான கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு போன் மணிக்காகக் காத்திருப்பவர்கள் என்று எல்லா வீடுகளும் கலந்து கிடக்கும் ஊர்.

2020 ஊரடங்கின்போது மருந்து, காய்கறி ஏற்பாட்டுக்காக ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். ஊரடங்கு முடிந்த பிறகும் குழு இருந்தது. ஏறக்குறைய 180 பேர். அட்மின்கள் மூன்று பேர்: நான், ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்த ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர். குடிநீர் வராத நாள், கேன்டீனில் சரக்கு வந்த நாள், யார் வீட்டில் துக்கம் என்பதுதான் பெரும்பாலும் அதில் வரும்.

பணியில் இருக்கும் ஒருவரின் சீருடைப் படம் தேர்தல் நோட்டீஸில் வந்த இந்த நிகழ்வின் நடுவில் இருப்பவர் அப்போது 29 வயதான ஒரு நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே உள்ள ராணுவப் பதவி). அப்பா இல்லை. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகன் ஒருவர் ஒரு கட்சியில் இருந்தார். அப்பா போன பிறகு பையனின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தவர் அந்த அண்ணன்தான். ராணுவ ஆள்சேர்ப்பு ரேலிக்கு முதல் முறை கூட்டிப்போனவரும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எதையும் இதை விட்டுவிட்டுப் பார்க்க முடியாது.

யாருடைய பெயரும், கட்சியும், வார்டும் இங்கே இல்லை. அந்த வீட்டார் மூன்று பேரும் எழுதச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் கவனிக்காமல் விட்டது

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் பக்கத்தில் விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று போய்விட்டார். நஞ்சப்பசத்திரத்து மக்கள் குடத்தில் தண்ணீரும் போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடியதை நாடே பார்த்தது. மறுநாள் ஆம்புலன்ஸ்கள் சூலூருக்குப் போனபோது வழி நெடுக ஜனங்கள் பூத் தூவினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் பலர் போய் நின்றோம்.

அன்று இரவே குழுவில் வதந்தி ஆரம்பித்துவிட்டது. சதி, வெளிநாட்டு வேலை, உள்ளுக்குள் யாரோ என்று ஒவ்வொரு ஃபார்வர்டும் ஒரு கதை சொன்னது. டிசம்பர் 10 அன்று விமானப்படையே, இறந்தவர்களின் கண்ணியத்துக்காக ஆதாரமில்லாத ஊகங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. அந்தச் செய்தியை நான் குழுவில் போட்டேன். ஆனால் அதன் பிறகும் வந்த ஃபார்வர்டுகளை நிறுத்தவில்லை. துக்கத்தில் பேசுகிறார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்த வினைக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று இப்போது நினைக்கிறேன். ராணுவ விஷயத்தை எவரும் எப்படியும் பேசலாம், பட்டாளத்துக்காரன் வீட்டுப் பேச்சுக்குக் கூடுதல் மரியாதை உண்டு என்ற பழக்கம் அந்த வாரத்தில்தான் குழுவில் ஊன்றியது.

நாயக் பொங்கல் லீவில் வந்தார். 2022 ஜனவரி 14 அன்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு வெளியானது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசை உணர்வு தவறியதும்தான் காரணம். இயந்திரக் கோளாறு, சதி, கவனக்குறைவு எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அந்தச் செய்தியின் கீழே பேஸ்புக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தங்கையின் போன் கட்டிலில் கிடந்தது. நாயக் அதை எடுத்து அவள் கணக்கிலிருந்தே எழுதினார்: "நான் பட்டாளத்தில் இருப்பவன். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். இந்த ஆட்சியில் உண்மை வெளியே வராது."

அவருக்கு எதுவும் தெரியாது. விபத்து நடந்த அன்று வடக்கே ஒரு போஸ்ட்டில் இருந்தார். நாம் பார்த்த அதே டிவியைத்தான் அவரும் பார்த்தார்.

தன்னுடைய பேஸ்புக்கை அவர் 2020லேயே நீக்கிவிட்டவர். அந்த ஆண்டு ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது. எதிர்த்து ஓர் அதிகாரி தில்லி உயர் நீதிமன்றம் வரை போனார். ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. நாயக் அந்த உத்தரவை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் செய்து முடித்திருந்தார். ஆனால் தங்கையின் பக்கத்தில் அவர் படங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. சீருடையில், மெடலோடு, ரயில் நிலையத்தில், யூனிட் பேட்ச் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அண்ணனைப் பற்றிப் பெருமைப்படுகிற தங்கை வேறு எதைப் போடுவாள்?

நோட்டீஸ் வந்த நாள்

ஜனவரி 26 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. அண்ணன் எங்கள் பேரூராட்சியில் ஒரு வார்டுக்கு நின்றார்.

பிப்ரவரி 9 மாலை அவருடைய நோட்டீஸ் குழுவுக்கு வந்தது. ஒரு பக்கம் அவர், கும்பிட்டபடி. மறுபக்கம் தம்பி, முழுச் சீருடையில் சல்யூட் அடித்தபடி. கீழே கட்சிச் சின்னம். "எல்லையில் தம்பி காவல், வார்டில் அண்ணன் காவல்" என்று எழுதியிருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் வந்த பதில்கள் எல்லாம் கைகூப்பும் படங்களும் கொடிகளும்தான். நானும் பார்த்தேன். உறுத்தியது. காலையில் போன் பண்ணிச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் இரவு 9.40க்கு எதிர்த் தரப்பு வேட்பாளருக்கு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஒரு படத்தைப் போட்டார். மேலே நோட்டீஸ், கீழே தங்கை கணக்கில் வந்த அந்தப் பின்னூட்டம், இரண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தது. "இவர்தான் எல்லையைக் காப்பவரா? தேர்தல் அதிகாரிக்கும் ராணுவத்துக்கும் புகார் போகிறது." நோட்டீஸில் இருந்த படம் எங்கிருந்து வந்தது என்று தேடித் தங்கையின் பக்கத்துக்குப் போனவர், அங்கே இதையும் பார்த்திருக்கிறார்.

பத்து நிமிடத்தில் குழு இரண்டானது. ஒரு பக்கம் தேசத்துரோகி, இன்னொரு பக்கம் பட்டாளத்தானைக் காட்டிக்கொடுத்தவன். அந்த இளைஞரின் வீட்டு முகவரியைக்கூட ஒருவர் போட்டார். தங்கையைப் பற்றியும் சிலர் எழுதினார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

விதி என்ன சொல்கிறது

அன்று குழுவில் பேசிய பாதிப் பேருக்கு இது தெரியாது. பணியில் இருந்தபோது எனக்கே வரி வரியாகத் தெரியாது.

படையில் இருப்பவரின் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும் அந்தக் கட்டுப்பாட்டை வகுக்கின்றன. 20ஆம் விதிப்படி கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது, கட்சியில் சேரக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது. ஒரு வேட்பாளரின் நலனுக்காக எந்த விதத்திலும் முனைந்து வேலை செய்யவும் கூடாது. உள்ளாட்சித் தேர்தலும் அந்த விதியில் அடக்கம். அனுமதி இல்லாமல் அரசியல் விஷயத்தையோ ராணுவ விஷயத்தையோ பத்திரிகைக்கு எழுதுவதையும் வெளியிடுவதையும் 21ஆம் விதி தடுக்கிறது.

கட்சிகளுக்கும் ஒரு எல்லை சொல்லப்பட்டிருக்கிறது. 2013இலும் பிறகு 2019 மார்ச்சிலும் இந்தியத் தேர்தல் ஆணையம், படைவீரர்களின் படங்களை விளம்பரத்திலோ பிரசாரத்திலோ பயன்படுத்த வேண்டாம் என்று கட்சிகளுக்கு எழுதியது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்தானே, அந்தக் கடிதம் இங்கே செல்லுமா என்று அண்ணனின் கட்சிக்காரர் ஒருவர் கேட்டார். அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. தம்பியை 20ஆம் விதி கட்டுவது மட்டும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சிப்பாய்க்கு அரசியல் கருத்தே இருக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அவர் ஓட்டுப் போடுகிறார். வாக்குச்சீட்டு மின்னணு வழியாக யூனிட்டுக்கு வரும். குறித்து, உறையிலிட்டு, தபாலில் அனுப்புவார். அந்த உறைக்குள் அவர் முழுக் குடிமகன்தான். நாயக் எழுதியதில் எனக்கு வலித்தது "உண்மை வெளியே வராது" என்ற வரி இல்லை. அதை டீக்கடையில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "நான் பட்டாளத்தில் இருப்பவன்" என்று ஆரம்பித்தாரே, அதுதான். ஊரார் அந்த உடையை நம்புவது அது எந்தக் கட்சிக்கும் உரியது இல்லை என்பதால்தான். அந்த நம்பிக்கையைத் தன் கருத்துக்கு ஒருமுறை அவர் கடனாக எடுத்துக்கொண்டார். அண்ணன் ஓட்டுக்காக இன்னொருமுறை எடுத்துக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றிரவு 10 மணிக்கு மூன்று அட்மின்களும் போனில் பேசி, குழுவில் அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி மாற்றினோம். பிறர் போட்டதை அட்மின் அழிக்கும் வசதி அப்போது வாட்ஸப்பில் கிடையாது. போட்டவரே அழித்தால்தான் உண்டு. முகவரி போட்டவரைக் கூப்பிட்டு உடனே எடுக்கச் சொன்னோம், எடுத்தார். யாரும் எதையும் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போட்டோம்.

அடுத்தது நாயக். போஸ்ட்டில் சிக்னல் கிடைத்து இரவு 11.30க்குப் பேசினார். அதற்குள் அவருக்கு நாலு பேர் அந்தப் படத்தை அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"சாப், போட்டோ போட்டுக்கவான்னு அண்ணன் கேட்டாரு. சரிண்ணான்னு சொன்னேன். எதுக்குன்னு கேக்கல."

"தேர்தல்ல நிக்கறாருன்னு உனக்குத் தெரியுமில்ல தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியும் சாப்."

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அப்போது எங்களுக்குள் பெரிய பேச்சே அதைப் பற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஹானரரி கேப்டனாக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்கே சீனியர். அவர் சொன்னார்: "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. அண்ணன்காரன் அவனே எடுத்துப் போட்டான்னு எழுதிக் கொடுக்கட்டும். கமெண்ட்ட தங்கச்சி போட்டான்னு சொல்லட்டும். ஒரு ரெட் இங்க் என்ட்ரி விழுந்தா பையன் வாழ்க்கைக்கும் ஹவில்தார் ஆக மாட்டான்." அவர் பையன் மேல் உள்ள பிரியத்தில் சொன்னார். சர்வீஸ் பதிவில் சிவப்பு மையில் ஏறும் அந்தத் தண்டனைக் குறிப்பு விழுந்து பிரமோஷன் நின்றுபோன எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். அண்ணனும் அப்படி எழுதித் தர ஒப்புக்கொண்டார்; பழி முழுவதும் தன் மேல் வரட்டும் என்றார்.

நான் மறுத்தேன். தங்கை மேல் பழியைப் போட்டு ஒரு ஜவான் தப்பித்துக்கொண்டால், நாளை அவன் செக்‌ஷனில் ஒருவன் தவறு செய்யும்போது இவன் எந்த முகத்தோடு விசாரிப்பான்? யூனிட்டில் ஆளுக்கு ஆள் உயிரை ஒப்படைப்பது, அவன் சொல்வது நடந்ததாகத்தான் இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில். அண்ணன் போனில் தம்பியின் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வான் என்று ஃபோர்மேன் நண்பர் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மெசேஜ் இல்லாமல் இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று கேப்டன் சாப்பிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

யூனிட்டுக்கு நாங்கள் நேரடியாகப் பேச வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெளியிலிருந்து ஒருவர் பேசினால் அது புகாராகவோ சிபாரிசாகவோ ஆகிவிடும். அவரே போய்ச் சொன்னால்தான் ரிப்போர்ட். காலையில் சீனியர் ஜே.சி.ஓ.விடம் (சுபேதார் நிலையில் இருப்பவர்) அர்ஜி கொடுத்து, புகார் வந்து சேர்வதற்குள் கம்பெனி கமாண்டரிடம் தன் வாயால் சொல்லும்படி நாயக்கிடம் சொன்னேன். இரண்டையும் சொல்ல வேண்டும், நோட்டீஸை மட்டும் சொல்லிவிட்டுப் பின்னூட்டத்தை விட்டுவிடக் கூடாது என்றேன்.

பின்னூட்டத்தை அழிப்பதா விடுவதா என்பதிலும் கருத்து பிரிந்தது. அழித்தால் மறைத்த மாதிரி ஆகும் என்றார் ஃபோர்மேன். இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பெண் பெயருக்குக் கீழே வசை சேர்கிறது என்றார் ஆசிரியை. கடைசியில் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு அழிப்பது, அழித்ததையும் ரிப்போர்ட்டில் சொல்வது என்று முடிவானது. இதை ஆசிரியை தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுத்தார். சீருடைப் படங்களையும் எடுத்தார்கள்.

11ஆம் தேதி காலை அண்ணனைப் பார்க்கப் போனோம். அவருக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. "என் தம்பி போட்டோவ நான் போடறதுக்கு யாருகிட்டக் கேக்கணும்ணா?" என்றார். உங்கள் தம்பிதான், ஆனால் அந்த உடை உங்கள் தம்பியுடையது இல்லையே என்றேன். எதிர்த்து நிற்பவருக்கு ஓட்டுப் போடுகிறவனுக்கும் சேர்த்துத்தான் அவன் எல்லையில் நிற்கிறான் என்று ஃபோர்மேன் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். மதியத்துக்குள் கையில் இருந்த நோட்டீஸ் கட்டுகளைத் திரும்ப வாங்கினார். தேர்தல் அதிகாரியிடம் தானே போய், தெரியாமல் அச்சடித்துவிட்டேன், நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

புகார் போடுவேன் என்ற இளைஞரையும் அன்று மாலையே பார்த்தோம். புகாரை நிறுத்தச் சொல்லிப் போகவில்லை. அது அவர் உரிமை. அவர் எடுத்த பிரச்சினையும் சரியானதே. பெண்ணின் கணக்கு தெரியும்படி போட்ட படத்தை மட்டும் எடுக்கச் சொன்னோம். எடுத்தார். அவர் வாய்மொழியாகப் புகார் சொன்னபோது அண்ணனின் கடிதம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

யாரும் போகாத வீடு

மூன்று நாள் குழுவைப் பூட்டி வைத்திருந்தோம். அமைதி என்று நினைத்தோம். ஆனால் பேச இடமில்லாமல் போனவர்கள் 60, 70 பேர் சேர்ந்து வேறு குழு தொடங்கிவிட்டார்கள். அங்கே எங்களில் யாரும் இல்லை. "பையனை அரெஸ்ட் பண்ணிட்டாங்க", "கோர்ட் மார்ஷல்", "வேலை போச்சு, பென்ஷனும் கிடையாது" என்று அங்கே ஓடியது.

நாயக்கின் அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. நாங்கள் அண்ணனைப் பார்த்தோம், இளைஞரைப் பார்த்தோம், தங்கையைப் பார்த்தோம், கேப்டன் சாபுடன் சண்டை போட்டோம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தங்கை பயத்தில் சொல்லவில்லை. மகன், அம்மா பதறுவார் என்று சொல்லவில்லை.

12ஆம் தேதி கொழுந்து எடை போடும் இடத்தில், கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "ஒம் மவன ஜெயில்ல போட்டுட்டாங்களாமே?"

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நாலு நாள் கூலியும் போனது. நாங்கள் விஷயம் தெரிந்து ஓடியபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஏன் சொல்லல?" இந்த நிகழ்வில் எங்கள் கையால் நடந்த பெரிய தவறு இது. நோட்டீஸோ பின்னூட்டமோ நாங்கள் செய்ததில்லை. இது நாங்கள் செய்தது.

பிறகு நடந்தது

நாயக் 11ஆம் தேதி காலையே சீனியர் ஜே.சி.ஓ.விடம் போய்விட்டார். கம்பெனி கமாண்டர் கேட்டார், எழுதி வாங்கினார், போனைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ. முன்னால் நிறுத்தினார்கள். மார்ச்சில் எச்சரிக்கையோடு முடிந்தது. ரெட் இங்க் என்ட்ரி விழவில்லை. வீரர்கள் எல்லாரையும் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனில் அந்த மாதம் பெயர் சொல்லாமல் இந்த விஷயத்தை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்களாம். "சொன்னது நீ என்பதால் இது இத்தோடு போகிறது" என்று சி.ஓ. கூறியதாக நாயக் என்னிடம் சொன்னார்.

ஆனால் அந்த ஆண்டு வெலிங்டன் சென்டருக்கு இ.ஆர்.இ. போஸ்டிங் (தன் பட்டாலியனுக்கு வெளியே சில வருஷம் வேலை) கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கிடைத்திருந்தால் இரண்டு, மூன்று வருஷம் அம்மா பக்கத்தில் இருந்திருப்பார். வேறொருவருக்குப் போனது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. இப்போது அவர் ஹவில்தார்.

அண்ணன் தேர்தலில் தோற்றார். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். நோட்டீஸை எடுக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சில நாள் சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். கேப்டன் சாப் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் அவரே வந்து கையைக் கொடுத்தார். விஷயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தங்கை இரண்டு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. அவள் எழுதாத வரிக்காக அவள்தான் அதிகம் ஏச்சு வாங்கினாள்.

இப்போது எப்படிச் செய்வோம்

முதல் போன் அம்மாவுக்கு, அல்லது மனைவிக்கு. குழுவில் இருக்கிறாரா இல்லையா என்பது கணக்கே இல்லை. யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும்.

குழுவை ஒரு மணி நேரத்துக்கு மேல் பூட்டக் கூடாது. பூட்டினால், தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு, நாங்களே சொல்ல வேண்டும். "அவரே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார், கைது எதுவும் இல்லை" என்று ஒரு வரி 11ஆம் தேதி போட்டிருந்தால் எடை போடும் இடத்தில் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதைவிட முக்கியமானது முன்கூட்டியே செய்ய வேண்டியது. ராணுவம் ஜவானின் போனைக் கட்டுப்படுத்துகிறது. ஜவானின் வீட்டில் அம்மா, தங்கை, மனைவி, மச்சான், அண்ணன் என்று அஞ்சு போன் இருக்கிறது. அவர் படமும் பேட்ச்சும் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் அந்த அஞ்சு போனிலிருந்துதான் வெளியே போகிறது. பாசத்தினால் போகிறது, விரோதத்தினால் இல்லை. அதனால் சட்டம் பேசினால் மட்டும் வேலைக்காகாது. வீட்டுக்குள் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, இந்தப் படத்தில் இந்த பேட்ச் தெரிகிறது பாருங்கள், இதை எடுத்துவிட்டு லுங்கியில் சிரிக்கிற படத்தைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 மே முதல் பட்டாளத்தில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இதைச் செய்தோம். ஆசிரியையும் நாயக்கின் தங்கையும்தான் போனார்கள். நான் போனால் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள், பேச்சு வருவதில்லை.

அடுத்த ஆண்டு தங்கையை நாலாவது அட்மினாகச் சேர்த்தோம். வேண்டாம் என்றாள். அம்மாதான் ஒத்துக்கொள்ளச் சொன்னார்.

2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் குழுவில் ஒரு பக்கக் குறிப்புப் போட்டோம். கட்சி பேசலாம், சீருடைப் படம் கூடாது, பணியில் இருப்பவர் பெயரை எந்தக் கட்சியோடும் சேர்க்கக் கூடாது, வேட்பாளர் சொந்தக்காரராக இருந்தாலும். இரண்டு பேர் மீறினார்கள். இரண்டு பேரும் சொன்னதும் எடுத்தார்கள்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பழையபடி குழு கொதித்தது. படை நகர்வுகளை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று 26ஆம் தேதி மத்திய அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. டிவிக்காரர்களுக்குச் சொன்னது நமக்கும்தான் என்று அன்றே குழுவில் போட்டோம். மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்தது. அன்று மாலை ஒரு ஜவானின் மனைவி, சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள்: கணவரின் யூனிட் பெயர், எங்கே கிளம்பியிருக்கிறது, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று.

அதைப் பார்த்தது நாயக்கின் தங்கை. எங்களில் யாரிடமும் கேட்காமல், குழுவில் ஒரு வார்த்தை போடாமல், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேல் லைனில் இருந்த அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அரை மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் இல்லை. இரவு 10 மணி வரை அவள் அங்கேயே இருந்தாள். அந்தப் பெண்ணின் மாமியாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்ததாக மறுநாள் என்னிடம் சொன்னாள்.